பாகுபாடு தடுப்புப் பயிற்சி: குமரி மாவட்ட நிறுவனங்களில் நடத்துவது எப்படி?

நாகர்கோவிலில் ஜவுளிக் கடை, மார்த்தாண்டத்தில் தனியார் மருத்துவமனை, விளவங்கோடு பக்கம் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), கன்னியாகுமரியில் தங்கும் விடுதி. இப்படி ஓர் இடத்தில் “ஸ்டாஃபுக்குப் பாகுபாடு பத்தி ஒரு கிளாஸ் ஏற்பாடு பண்ணுங்க” என்று புதிதாக உங்களிடம் பொறுப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடக்கும்? ஒரு ஹால், ஒரு வக்கீல், இரண்டு மணி நேரம் சட்டப் பிரிவுகள், டீ வடை, குழுப் புகைப்படம், ஃபைலில் ஒரு தாள். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி ஓடும்.

அப்படி ஓடுவதற்குக் காரணம் உண்டு. பாகுபாடு பெரும்பாலும் அன்றாடம் எடுக்கும் சிறு முடிவுகளில்தான் நடக்கிறது. கேஷ் கவுண்டரில் யாரை உட்கார வைப்பது, கழிவறை கழுவ யாரை அனுப்புவது, ஞாயிறு லீவு யாருக்கு, யாருடைய தம்பியை அடுத்து வேலைக்கு எடுப்பது என்பவை அவை. இவற்றை முதலாளி முடிவு செய்வதில்லை. சூப்பர்வைசரும் மேஸ்திரியும் ஹெட் நர்ஸும் முடிவு செய்கிறார்கள். ஆகவே பயிற்சியின் பெரும்பங்கு நேரம் அவர்களுக்குப் போக வேண்டும். 60 பேர் வேலை பார்க்கும் இடத்தில் மேற்பார்வை செய்பவர்கள் ஆறிலிருந்து எட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மூன்று மணி நேர அமர்வு இரண்டு, ஒரு வார இடைவெளியில். மற்ற ஊழியர்களுக்கு 15 முதல் 20 பேர் கொண்ட குழுக்களாக ஒன்றரை மணி நேரம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஊழியர்களுக்கு முதலில் சொல்லிவிட்டு மேற்பார்வையாளரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் புகாரோடு வருகிறவர் பயிற்சியே பெறாத ஒருவர் முன் நிற்பார்.

பயிற்சிக்கு முன் இரண்டு வாரம்: பதிவேடுகளைப் பாருங்கள்

முதலில் ஊதியப் பதிவேடு, ஷிப்ட் அட்டவணை, விடுப்புப் பதிவேடு மூன்றையும் எடுத்து, கடந்த 12 மாதத்தை ஒரே தாளில் கொண்டுவாருங்கள். பெயர், ஆணா பெண்ணா, எந்த வேலை, என்ன சம்பளம், எப்போது சேர்ந்தார், யார் சொல்லிச் சேர்ந்தார், கடைசியாக எப்போது சம்பளம் உயர்ந்தது. “யார் சொல்லிச் சேர்ந்தார்” என்ற கட்டம் மிக முக்கியம். குமரியில் தனியார் வேலைகளில் பெரும்பகுதி சிபாரிசில்தான் நிரம்புகிறது. ஒரே ஊர், ஒரே சபை, ஒரே சமுதாயம் என்று ஆட்கள் சேர்வது யாரும் திட்டமிடாமலே நடந்துவிடும்.

ஊழியர்களின் சாதியை மட்டும் எழுதி வாங்காதீர்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும் அந்தத் தாள் அலுவலகத்தில் கிடந்தால் நாளைக்கே யாராவது அதைப் பயன்படுத்துவார்கள். துப்புரவு வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குடியிருப்பிலிருந்து வருகிறார்களா என்பது சாதி கேட்காமலே தெரியும்.

பிறகு ஒரு நாள் முழுக்க இடத்தைச் சுற்றிப் பாருங்கள். யார் எங்கே சாப்பிடுகிறார்கள்? துப்புரவுப் பணியாளருக்குத் தனி டம்ளரா? வெளிமாநிலத் தொழிலாளர்கள் சாப்பிட இடம் இருக்கிறதா, இல்லை படிக்கட்டா? விற்பனைப் பெண்கள் உட்கார ஸ்டூல் இருக்கிறதா? உட்கார இருக்கை தருவது 2021-லிருந்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி கட்டாயம். மாற்றுத்திறனாளி ஒருவர் நேர்காணலுக்கு வந்தால் படி ஏறாமல் உள்ளே வர முடியுமா? இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அமர்வில் பேச எடுக்கும் எடுத்துக்காட்டுகள் இங்கிருந்துதான் வர வேண்டும். வேறு ஊர்க் கதைகளைச் சொன்னால் “அதெல்லாம் அங்க, இங்க அப்படி இல்லே” என்று நகர்ந்துவிடுவார்கள்.

புகார் வழியை முதலில் திறந்து வையுங்கள்

“எது நடந்தாலும் தைரியமாகச் சொல்லுங்கள்” என்று அமர்வில் சொல்லிவிட்டு, யாரிடம் சொல்வது என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். ஆகவே பயிற்சித் தேதி குறிக்கும் முன்பே இதை முடியுங்கள்.

பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வழியைத் தெளிவாகச் சொல்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு வேண்டும். தலைவர் அங்கே மூத்த நிலையில் வேலை பார்க்கும் பெண். ஊழியர்களில் குறைந்தது இருவர், பெண்கள் நலனுக்காக உழைக்கும் தொண்டு அமைப்பிலிருந்தோ இந்தப் பிரச்சினையை அறிந்தவர்களிலிருந்தோ ஒரு வெளி உறுப்பினர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். புகார் கொடுக்க மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அறிக்கை அதிலிருந்து 10 நாளில், நடவடிக்கை 60 நாளில். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவான கடையானாலும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம்.

சட்டப்படி குழு சரியாக இருந்தும் யாரும் வராத இடங்கள் உண்டு. முதலாளி குடும்பத்துப் பெண்ணே தலைவராக இருந்தால் எந்தப் பணியாளரும் வாய் திறக்க மாட்டார். வெளி உறுப்பினர் முதலாளியின் நெருங்கிய நண்பர் என்றாலும் அப்படித்தான். இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. விஷயம் வெளியே கசிந்ததும் பங்குத்தந்தையோ ஊர்த் தலைவரோ சமுதாயப் பெரியவரோ “பேசி முடிச்சிரலாம்” என்று வருவார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வருவார்கள். ஆனால் புகார் தந்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசம், அதற்கும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்பது சட்டம். புகார் விவரத்தை வெளியே சொல்வதும் தவறு. குழு உறுப்பினர்களுக்கு இதைத் தனியாக, இரண்டு முறை சொல்லுங்கள்.

சாதி, மதம், ஊர், மொழி சார்ந்த புகார்களுக்கு வேறு இருவரை நியமியுங்கள். ஒருவர் போதாது, ஏனென்றால் இங்கே சொந்தபந்தம் எங்கும் விரிந்திருக்கும். புகாரில் சம்பந்தப்பட்டவர் தன் உறவினரோ தன் சபைக்காரரோ என்றால் அந்த ஒருவர் விலகிக்கொள்ள, மற்றவர் தொடர வேண்டும். வந்த மூன்று நாளில் எழுத்தில் ஒப்புகை, 15 நாளில் விசாரணை முடிவு என்று நீங்களே ஒரு கெடு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சட்டத்தில் எவ்வளவு சொல்ல வேண்டும்?

அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் தப்பில்லாமல் சொல்லுங்கள். தனியார் நிறுவனங்களில் நடக்கும் எல்லாப் பாகுபாட்டையும் தடுக்கும் ஒரே சட்டம் இந்தியாவில் கிடையாது. துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரம் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. தீண்டாமையின் பேரில் ஒருவர் வேலை பார்ப்பதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். அதில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும்; 20 பேர், அதற்கு மேல் என்றால் அதில் விவரங்கள் கூடுதலாக வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரும் வேண்டும். திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படியும் நிறுவனத்தில் ஒரு புகார் அலுவலர் தேவை. எச்.ஐ.வி. உள்ளவரை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு அனுப்புவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

குமரியில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட முடியும். கிறிஸ்தவரான தலித் ஊழியர் அதே வசவைக் கேட்டாலும், அதே வேலையில் முடக்கப்பட்டாலும் வன்கொடுமைச் சட்டம் அவருக்குத் துணை வராது. கிறிஸ்தவர்கள் இவ்வளவு அதிகம் வாழும் மாவட்டத்தில் இது சிறிய ஓட்டை இல்லை. மதம் எதுவானாலும் சாதியால் நடத்தும் வேற்றுமை இங்கே தண்டனைக்குரியது என்று நிறுவனத்தின் கொள்கையே எழுத்தில் சொல்ல வேண்டும்.

அந்தக் கொள்கை ஒரு பக்கம் போதும். சாதி, மதம், பால், பாலின அடையாளம், திருமண நிலை, கர்ப்பம், மாற்றுத்திறன், வயது, பிறந்த ஊர், பேசும் மொழி, உடல்நிலை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். “எல்லோரும் சமம்” என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் புகார் எழுத முடியாது.

மேற்பார்வையாளர் அமர்வு

முதல் ஒரு மணி நேரம் அவர்களையே பேச விடுங்கள். ஒரு சார்ட்டில் “கடந்த வாரம் நான் எடுத்த முடிவுகள்” என்று தலைப்பு எழுதி, ஒவ்வொருவரும் ஐந்து முடிவு எழுதட்டும். லீவு கொடுத்தது, கொடுக்காதது, நைட் டூட்டி போட்டது, ஒருவரைக் கவுண்டரிலிருந்து குடோனுக்கு மாற்றியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன காரணம் என்று எழுதச் சொல்லுங்கள். “அவன் அதுக்குச் சரிப்படமாட்டான்” போன்ற காரணம் எங்கே வருகிறதோ அங்கே நிறுத்தி, எந்தச் செயலைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். செயல் எதுவும் இல்லை, ஊரும் ஆளும்தான் காரணம் என்று அவரே கண்டுகொள்ளும் இடத்தில் பாடம் நடக்கிறது.

அடுத்து ஆள் எடுப்பது. “எந்த ஊரு? எந்தப் பக்கம்? எந்தச் சர்ச்சு, எந்தக் கோயிலு? அப்பா பேரு?” இந்த நாலு கேள்வியில் இங்கே சாதி தெரிந்துவிடும். கேட்பவருக்கு அது வெறும் குசலம். பதில் சொல்பவருக்கு அப்படி இல்லை. சுக்தேவ் தோரட், பால் ஆட்டவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் இருந்த விண்ணப்பங்களை இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்தது. மாற்று எளிது. எல்லோருக்கும் அதே ஆறு கேள்விகள், வேலையைப் பற்றி மட்டும். நேர்காணல் செய்யும் இருவரும் தனித்தனியே ஐந்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு பேச வேண்டும். முதலில் பேசிவிட்டு மதிப்பெண் போட்டால் மூத்தவர் சொன்னதுதான் நிற்கும். வீடு தூரமா என்று தெரிய வேண்டுமானால் “காலை எட்டரைக்கு வந்து சேர முடியுமா?” என்று கேட்டால் போதும். பெண்ணிடம் “கல்யாணம் எப்போ?”, “புள்ள இருக்கா?” என்பவை பட்டியலிலேயே இருக்கக் கூடாது.

பிறகு விளிக்கும் முறை. இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், ஏனென்றால் நம் ஊரில் மரியாதையும் அவமரியாதையும் முதலில் தெரிவது இங்கேதான். ஒரே சூப்பர்வைசர் ஒருவரை “வாங்க அண்ணாச்சி” என்பார், அதே வயதுள்ள துப்புரவுப் பணியாளரை “லேய், இஞ்ச வா” என்பார். “மக்கா”, “லே” எல்லாம் நண்பர்களுக்குள் பாசமாகப் புழங்கும் சொற்கள் என்று அவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. அதனால் சொல்லைத் தடை செய்யாமல் ஒரு சோதனையைக் கொடுங்கள்: அவர் அதே சொல்லால் உங்களைத் திருப்பிக் கூப்பிட முடியுமா? முடியாதென்றால் அதை விட்டுவிடுங்கள். “வடக்கன்”, “இந்திக்காரன்”, ஊனத்தைச் சொல்லி அழைக்கும் பட்டப்பெயர்கள், மேற்கே உள்ளவர்களின் மலையாளம் கலந்த பேச்சைப் பழிப்பது, கடற்கரைக் கிராமத்தவரைப் பார்த்து “சத்தம் போட்டுத்தான் பேசுவாங்க, கஸ்டமர் முன்னாடி நிக்க வேண்டாம்” என்பது ஆகியவற்றையும் இந்த நேரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஒரு மணி நேரம் நடித்துப் பார்ப்பது. ஒருவர் கிண்டல் செய்கிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். மேற்பார்வையாளர் என்ன சொல்வார்? பெரும்பாலோர் அமைதியாக இருப்பார்கள், அல்லது நீளமாக உபதேசம் செய்வார்கள். இரண்டும் பயன் தராது. மூன்று சிறு வாக்கியம் போதும்: “அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடப்பிடாது. அவருக்குப் பேரு இருக்கு, அதச் சொல்லிக் கூப்பிடு. உச்சைக்கு (மதியம்) என்னய வந்து பாரு.” எல்லோரும் சத்தமாக மூன்று முறையாவது சொல்லிப் பழகட்டும். வாயில் பழகாத வாக்கியம் தேவைப்படும் நேரத்தில் வராது.

மருத்துவமனை என்றால் இன்னொரு காட்சியும் வேண்டும். நோயாளியின் உறவினர் வந்து “இந்த நர்ஸ் வேண்டாம், வேற ஆளை அனுப்புங்க” என்கிறார். காரணம் சாதியோ மதமோ என்று புரிகிறது. சத்தமில்லாமல் நர்ஸை மாற்றிவிடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் நிறுவனமே அந்தப் பாகுபாட்டை நிறைவேற்றிக் கொடுத்ததாகிவிடும். “சிகிச்சையில் குறை இருந்தா சொல்லுங்க, உடனே பாக்கோம். ஆளு யாருங்கிறதுக்காக மாத்துறது இங்க வழக்கம் இல்லே.” இதை நர்ஸ் சொல்லக் கூடாது, மேற்பார்வையாளர் வந்து சொல்ல வேண்டும். பெண் நோயாளி பெண் பணியாளரைக் கேட்பது வேறு விஷயம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.

ஊழியர் அமர்வு

நேரத்தைக் கவனமாகக் குறியுங்கள். வேலை நேரத்துக்குள் நடத்துங்கள். மாலையில் வைத்தால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்கள் எல்லோரும் பாதியில் எழுந்து போவார்கள். ஞாயிறும் வெள்ளி நண்பகலும் வேண்டாம். அண்டி ஆபீஸில் உடைப்பு, தொலி உரிப்பு வேலைகளுக்கு எடைக் கணக்கில் கூலி என்றால், ஒன்றரை மணி நேரத்துக்கு அவர்களின் சராசரிக் கூலியைக் கொடுங்கள். கூலி பிடித்துக்கொண்டு சமத்துவம் பேசினால் அவர்கள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஒடிசா, அசாம், பீகார் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனிக் குழுவாக, அவர்கள் மொழி பேசும் ஒருவரை வைத்து நடத்துங்கள். அவர்களை அழைத்துவந்த ஒப்பந்தக்காரரையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். புகாரே அவர் மேல் இருக்கலாம்.

பேச்சைத் தொடங்க நம் வரலாறே கைகொடுக்கும். மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது; 1859 ஜூலை 26-இல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு அந்த உரிமையை ஏற்று அறிவித்தது. கோயில் நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12-இல் வந்தது. உடை, வழி, வாசல் என்று எல்லாவற்றிலும் மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்த ஹாலில் இருப்பார்கள். ஆனால் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். நீண்டால் “எங்க தாத்தா காலத்துல நாங்க பட்டோம்” என்பதோடு முடிந்து, இன்றைக்கு அடுத்த மேசையில் நடப்பது மறைந்துபோகும். மதங்களை ஒப்பிடும் விவாதத்துக்கும் இடம் தராதீர்கள். 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பேச்சு எப்போதும் வேலையைச் சுற்றியே இருக்கட்டும்.

குழுவில் ஒரே ஒரு திருநங்கையோ ஒரே ஒரு மாற்றுத்திறனாளியோ இருந்தால், “உங்க அனுபவத்தைச் சொல்லுங்க” என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். அவர் வேலைக்கு வந்தவர், பாடப்பொருளாக வந்தவர் இல்லை. கேள்விகளைத் துண்டுச்சீட்டில், பெயர் எழுதாமல் வாங்குங்கள். எல்லோருக்கும் ஒரே நிறத் தாள், ஒரே மாதிரி பேனா. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் சின்ன இடங்களில் ‘ஆம், இல்லை’ கேள்விகளாக அச்சிட்டுக் கொடுங்கள்: இங்கே யாரையாவது சாதி சொல்லிப் பேசிக் கேட்டதுண்டா? உங்களுக்கு லீவு மறுத்த காரணம் தெரியுமா? புகார் சொன்னால் வேலை போகும் என்று பயமா? இந்த மூன்றின் எண்ணிக்கையை எடுத்துவையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கே கெடுகிறது?

முதலாளி முதல் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கிளம்பிப் போவது பெரிய கேடு. மேற்பார்வையாளர் அமர்வில் முழுக்க உட்காரட்டும், ஊழியர் அமர்வில் முழுக்க இல்லாமல் இருக்கட்டும்.

இன்னொன்று, பயிற்சியைத் தண்டனைபோல் நடத்துவது. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா காலெவும் பல நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவுகளைப் பார்த்து, கட்டாயப்படுத்தி நடத்தும் பயிற்சிகள் பலனில்லாமல் போவதையும் சில வேளை எதிர்விளைவு தருவதையும் காட்டினார்கள். “நீங்கள் தப்பு செய்கிறீர்கள்” என்று தொடங்கினால் கேட்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார். முடிவுகளை எப்படி எடுப்பது என்ற கோணத்தில் தொடங்குங்கள்.

மூன்றாவது, பழிவாங்கல். புகார் சொன்னவரை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். மார்த்தாண்டத்துக்காரரை மாவட்டத்தின் மறுகோடியில் உள்ள அஞ்சுகிராமம் கிளைக்கு மாற்றுவார்கள், ஓவர்டைம் நிற்கும், பேச்சு நிற்கும். அவரே விலகிப் போய்விடுவார். புகார் தந்தவரின் ஷிப்ட், இடம், வருமானம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு மாதம் ஒருமுறை நீங்கள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி வையுங்கள். மாற்றம் தேவையென்றால் அதற்கு எழுத்தில் காரணம்.

பயிற்சிக்குப் பிறகு

“நன்றாக இருந்தது” என்று எழுதும் கருத்துப் படிவத்தை நம்பாதீர்கள். 30-ஆம் நாள் ஒருமுறை, 90-ஆம் நாள் ஒருமுறை அதே மூன்று ஆம்-இல்லை கேள்விகளை மறுபடி கொடுங்கள். முதலில் தயாரித்த 12 மாதத் தாளோடு அடுத்த மூன்று மாத ஆள்சேர்ப்பு, ஷிப்ட், லீவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். புகார் எண்ணிக்கை முதலில் கூடினால் கலங்க வேண்டாம். மனத்துக்குள் வைத்திருந்தவர்கள் இப்போதுதான் பேசுகிறார்கள். ஒரு வருடமாக ஒரு புகாரும் இல்லை என்றால் வழி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக மேற்பார்வைப் பொறுப்புக்கு வருபவருக்கு 30 நாளுக்குள் அதே ஆறு மணி நேரப் பயிற்சி. மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நினைவூட்டல்.

உள்ளகக் குழு உறுப்பினர் பெயர்களும் தொடர்பு எண்களும், குழு அமைத்த உத்தரவு, தண்டனை விவரம் ஆகியவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். முதலாளி அறைக்கு வெளியே உள்ள பலகை அதற்கு ஏற்ற இடம் இல்லை. ஆட்கள் சாப்பிடும் இடத்திலும் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். கூடவே பெண்கள் உதவி எண் 181, வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566, இலவசச் சட்ட உதவிக்கு 15100. தமிழிலும், அங்கே வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவர் படிக்கும் மொழியிலும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஈரத்தில் தாள் நைந்துவிடும், லேமினேட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை போய் இருக்கிறதா, கிழித்துவிட்டார்களா என்று பாருங்கள்.